இடப்பக்கத்து நெரை

தலையில் ஈரத் தொப்பியை மாட்டி, கண்ணில் பெட்டியைக் கட்டி, "இப்ப ஏதாச்சும் தெரியுதா?" என்று நாள் முழுக்கக் கேட்டுக்கொண்டிருப்பதற்கும் சம்பளம் தருகிறார்கள் என்றால் என் மாமியார் இன்றுவரை நம்புவதில்லை.

பக்கவாதம் வந்து மூளையின் பின்பக்கம் அடிபட்டால், சிலருக்குக் கை கால் தப்பிவிடும். பார்வையில் ஒரு பாதி மட்டும் போய்விடும். அப்படிப்பட்டவர்களுக்குத் தலைக்குப் பின்னால் லேசான மின்சாரம் செலுத்தி மூளையை உசுப்பிவிடுவோம். அதே நேரத்தில் வி.ஆர். பெட்டிக்குள், பார்வை போன பக்கத்தின் ஓரமாக எதையாவது காட்டிக் காட்டிப் பழக்குவோம். சிலருக்குக் கொஞ்சம் திரும்புகிறது. சிலருக்குத் திரும்புவதில்லை. ஏன் என்று கேட்டால், மதுரையிலிருந்து வாரம் ஒருமுறை ரயிலில் வரும் எங்கள் டாக்டர், "அதத்தானே நாமளும் தேடிக்கிட்டிருக்கோம்" என்பார்.

எங்கள் மையம் போடியில் ஓர் ஏலக்காய்க் கடையின் மாடியில் இருக்கிறது. பக்கவாதம் வந்தவர்களுக்கான இடத்தை மாடியில் பிடித்த புண்ணியவான் யாரென்று நானும் வேலைக்குச் சேர்ந்ததிலிருந்து விசாரித்துக்கொண்டிருக்கிறேன். நீங்கள் இந்தத் தொழிலில் இல்லாமல் இருக்கலாம். ஆனால் வீட்டில் யாருக்காவது மாத்திரை கொடுத்து, அதை அவர் முழுங்கினாரா, கன்னத்தில் அடக்கிக்கொண்டாரா என்று வாயைப் பார்த்து நின்றிருந்தால் நீங்களும் என் கட்சிதான். கீழே வருவதெல்லாம் உங்களுக்குப் புரியும்.

கண்ணில் குற்றமில்லை

வருகிறவர்கள் எல்லோரும் முதலில் சொல்வது, "எடக் கண்ணு போச்சு." உண்மையில் கண் எங்கும் போயிருக்காது. இரண்டு கண்ணும் நன்றாகத்தான் பார்க்கின்றன. பார்த்ததை வாங்கிக்கொள்ள வேண்டிய மூளைதான் ஒரு பக்கத்துச் சரக்கை இறக்க ஆளில்லாமல் கிடக்கிறது. இதை எத்தனை படம் போட்டுக் காட்டினாலும் யாரும் ஏற்றுக்கொள்வதில்லை. வாங்கிவைத்த சொட்டு மருந்துப் புட்டியைக் கையில் பிடித்துக்கொண்டு என்னைச் சந்தேகமாகப் பார்ப்பார்கள்.

ஏலக்காய் வியாபாரி காதர் பாயும் அப்படித்தான் வந்தார். மிளகும் ஏலமும் நிறுத்தே வளர்ந்த குடும்பம். யார் சொன்னாலும் தானே பார்த்துத்தான் நம்புவார். "ஒரு கண்ண மூடுங்க பாய்" என்றேன். இடது கண்ணை மூடினார். என் இடதுகை வலதுகை இரண்டையும் விரித்துக் காட்டினேன். ஒரு கைதான் தெரிந்தது. "இப்ப அடுத்த கண்ண மூடுங்க." மாற்றி மூடினார். அப்போதும் அதே ஒரு கைதான். இரண்டு மூன்று தரம் மாற்றி மாற்றி மூடிப் பார்த்தார். பிறகு பயம் போய், முகத்தில் ஒரு வேடிக்கை வந்தது. "அப்ப ரெண்டும் கூட்டாளிகளாம்மா? பேசி வச்ச மாதிரி ஒரே பக்கம் லீவு போட்டிருக்குக!"

நிலையில் இடித்தவர்

பேச்சியம்மாள் எங்கள் அறைக்குள் வந்தபோது இடது தோளை வாசல் நிலையில் இடித்துக்கொண்டுதான் வந்தார். ராசிங்காபுரத்துக்காரர். ஐம்பதைத் தாண்டியிருக்கும். விடியுமுன் ஜீப்பில் ஏறி, போடிமெட்டுக்கு அந்தப் பக்கம் ஏலத்தோட்டத்தில் காய் எடுக்கப் போகிற பெண்களில் ஒருவர். போன மழைக்காலத்தில் லேசாகப் பக்கவாதம் வந்தது. கொஞ்ச நாள் படுத்து எழுந்து, மறுபடியும் மலைக்குப் போய்விட்டார். அவரை இழுத்துக்கொண்டு வந்தது நாத்தனார் முருகாயி. "எனக்கென்ன கேடு? எல்லாம் முழுசாத்தேன் தெரியுது" என்று பேச்சியம்மாள் சொல்லிக்கொண்டே இருந்தார்.

இது பொய்யாகவே இருக்க வேண்டியதில்லை. இந்த வேலையில் எனக்கு இன்னும் ஆச்சரியம் தீராத விஷயம் இதுதான். பாதிப் பார்வை போனவர்களுக்கு அந்தப் பாதி இருட்டாகத் தெரியாது. ஓட்டை இருப்பதே தெரியாதபடி மூளை பூசி மெழுகிவிடும். என் முகத்தில் பாதிதான் தெரிகிறது என்று அவர்களாகச் சொல்லவே மாட்டார்கள். நான் இடப்பக்கமிருந்து விரலை ஆட்டிக்கொண்டே வந்தேன். மூக்குக்கு நேரே வரும்வரை பேச்சியம்மாள் அசையவில்லை.

அவரை உள்ளே உட்காரவைத்துவிட்டு முருகாயி என்னை மாடிப்படிக்குத் தள்ளிக்கொண்டு போனாள். மலையில் காய் எடுக்கும்போது ஆளுக்கொரு நெரை, அதாவது ஒரு வரிசைச் செடி. அடுத்தவள் நெரையில் கை வைப்பது பெரிய குற்றம், சண்டையே வரும். சரிவில் செடியைச் சுற்றிவர இடமிருக்காது. மேட்டுப் பக்கம் குத்தவைத்து, தழையை விலக்கி, தூரைச் சுற்றித் தரையில் கிடக்கிற சரங்களில் முற்றிய காயைப் பறிக்க வேண்டும். பேச்சியம்மாள் ஒவ்வொரு செடியிலும் வலப்பக்கத்தை மட்டும் பறித்துவிட்டு நகர்கிறார். பின்னால் கங்காணி பார்த்துக்கொண்டு வருவான். அதனால் முருகாயி தினமும் இடப்பக்கத்து நெரையைக் கேட்டு வாங்கிக்கொண்டு, தன் காயையும் பறித்து, மதினியின் செடியில் விட்டுப்போன பாதியையும் பறித்து, மதினியின் வாளியிலேயே போட்டுக்கொண்டிருக்கிறாள். மதினிக்குத் தெரியாது, சொன்னால் மனசு உடைந்துபோவாள் என்றாள்.

சிக்கல் அதுவல்ல. முருகாயியின் மகன் திருப்பூரில் பிள்ளைகுட்டியோடு இருக்கிறான். அம்மாவை வரச்சொல்லி ஒற்றைக்காலில் நிற்கிறான். இந்தப் பருவத்துக் காய் முடிந்ததும் போவதாக ஒத்துக்கொண்டுவிட்டாள். பேச்சியம்மாளுக்கோ புருஷன் இல்லை. மலைச் சோலியை விட்டால் வேறு சோலி இல்லை. பாதிக் காயை விட்டுவிட்டு வருகிற ஆளை எந்தக் கங்காணியும் ஜீப்பில் ஏற்றமாட்டான். முருகாயி முந்தானையால் மூக்கைத் துடைத்துக்கொண்டு சொன்னாள்: "நான் போயிட்டா அந்தப் பக்கத்துக்கு யாரு இருக்கா? அத மட்டும் சரி பண்ணிக் குடுங்க. ஆனா மதினிகிட்ட எதையும் சொல்லிராதீக."

எங்கள் தொழிலின் முதல் எதிரி

மூளை, நரம்பு, மின்சாரம் என்று என்னவெல்லாமோ படித்துவிட்டு வந்தேன். கடைசியில் என் வாழ்க்கை தேங்காய் எண்ணெயோடுதான் மல்லுக்கட்டிக் கழிகிறது. தலையில் எண்ணெய் இருந்தால் மின்சாரம் இறங்காது. தொப்பியில் இருக்கிற பஞ்சை உப்புத் தண்ணீரில் நனைத்து வைப்போம். எண்ணெய்த் தலையில் அது வழுக்கிக்கொண்டு போகும். "தலைக்கு எண்ணெய் வைக்காம வாங்க" என்று ஒவ்வொருவரிடமும் படித்துப் படித்துச் சொல்வேன். ஆஸ்பத்திரிக்குப் போகிறவள் பரட்டைத் தலையோடா போவாள்? மறுநாள் பேச்சியம்மாள் வழிய வழிய எண்ணெய் வைத்து, படிய வாரி, கனகாம்பரமும் சூடிக்கொண்டு வந்து நின்றார். மரியாதைக்காக.

என் கூட வேலை பார்க்கும் ஷைனி அவரைப் பின்பக்கம் கூட்டிப்போய் ஷாம்பு போட்டு அலசிக் கூட்டிவந்தாள். ஷைனி பூப்பாறைப் பக்கத்துத் தோட்டத்தில் பிறந்து வளர்ந்தவள். கோபம் வந்தால் பாதி மலையாளம் பேசுவாள். எண்ணெய்த் தலையைப் பார்த்தால் முழு மலையாளமும் வரும். பூவை ஒரு டம்ளர் தண்ணீரில் போட்டு வைத்தோம். தொப்பியை மாட்டி மின்சாரத்தைத் திறந்தபோது முருகாயி கண்ணை இறுக்க மூடிக்கொண்டு மூலையில் சாமியைக் கும்பிட்டாள். கரண்ட் வைக்கப்பட்டவரோ நிம்மதியாக உட்கார்ந்திருந்தார். எப்படி இருக்கிறது என்று கேட்டேன். கொஞ்சம் யோசித்துவிட்டுச் சொன்னார்: "குறுகுறுன்னு ஊருது தாயி. தோட்டத்து அட்டைக்கு இது தேவல. இது ரத்தம் குடிக்கல."

ராங் சைடு

வி.ஆர். பெட்டிக்குள் எங்களுக்கு வந்து சேர்ந்த படங்கள் எல்லாம் ஏதோ வெளிநாட்டுக்காரர்கள் செய்தவை. ஒன்றில் ஒரு தெரு. சுத்தமாக இருக்கும். ஆளே இருக்கமாட்டார்கள், இருக்கிற ஒருவரும் நாயைப் பிடித்துக்கொண்டு போவார். நடுவில் ஒரு புள்ளி. அதைவிட்டுக் கண்ணை எடுக்காமல், ஓரத்தில் கார் வந்தால் கையிலிருக்கும் பொத்தானை அமுக்க வேண்டும்.

ஜீப் டிரைவர் ராசு அண்ணனுக்கு இதைக் கட்டிவிட்டேன். குரங்கணிக்கும் மெட்டுக்கும் தோட்ட ஆட்களை ஏற்றி இறக்கியே தலை நரைத்தவர். அவருக்கும் இடப்பக்கம்தான் போயிருந்தது. பெட்டியைக் கட்டியதும் வலது கால் தானாகவே தரையை அமுக்க ஆரம்பித்தது. ஒரு கார் வந்தது; பொத்தானை அமுக்கவில்லை. இன்னொன்று வந்தது, உடம்பை ஒதுக்கினாரே தவிர பொத்தானை அமுக்கவில்லை. எனக்குக் கவலையாகிவிட்டது. ஓரத்தில் கொஞ்சம்கூட இல்லையோ என்று பெட்டியைக் கழற்றினேன். வேர்த்துப்போயிருந்தார். அந்த ஊரில் வண்டிகள் சாலையின் வலப்பக்கம் போகும் என்பதை நான் சொல்ல மறந்திருந்தேன்; தூரத்தில் நேர் எதிரே தெரிந்த வண்டிக்கெல்லாம் ஒதுங்குகிற அவசரத்தில் அவர் பொத்தானையே மறந்திருந்தார். "ராங் சைடுல வர்றவன் பூராம் நல்லாருக்கான். ரூல்ஸ்படி போற எனக்கு வைத்தியமா?" என்றார்.

கடைக்காரர் இல்லாத கடை

தெரு வேண்டாம் என்று பேச்சியம்மாளுக்குக் கடையைப் போட்டேன். பெரிய சூப்பர் மார்க்கெட். அலமாரி அலமாரியாகப் பெட்டிகள், பழங்கள், பாட்டில்கள். கையை நீட்டிச் சிவப்பாக இருப்பதை எல்லாம் எடுக்க வேண்டும். வலப்பக்கத்தில் கொஞ்சம் இருக்கும், இடப்பக்கத்தில் நிறைய இருக்கும். தேடித் தேடி எடுப்பதுதான் பயிற்சி.

பேச்சியம்மாள் எதையும் எடுக்கவில்லை. வலப்பக்கத்தில் கண்ணுக்கு நேரே இருந்த தக்காளியைக்கூட எடுக்கவில்லை. இரண்டு கையையும் மடியில் வைத்துக்கொண்டு நிமிர்ந்து உட்கார்ந்திருந்தார். "தெரியுதாம்மா?" "தெரியுது." "அப்ப எடுங்க." முந்தானையை இழுத்துச் செருகிக்கொண்டார். மறுபடியும் சொன்னேன். எனக்குப் பொறுமை கொஞ்சம் கம்மி, குரல் உயர்ந்துவிட்டது. அவர் பெட்டிக்குள்ளேயே அக்கம்பக்கம் பார்த்துவிட்டு, அடுத்த வீட்டுக்குக் கேட்காத குரலில் சொன்னார்: "கடைக்காரரு இல்லாத நேரத்துல எப்பிடித் தாயி எடுக்கிறது? வரட்டும், கேட்டுட்டு எடுப்போம்."

கிளையில் காய்த்தது

அன்றைக்குத்தான் முடிவு செய்தேன், இந்த ஊர்க்காரர்களுக்கு இந்த ஊர்ப் படம் வேண்டும் என்று. டாக்டரிடம் சண்டை போட்டு, மதுரையில் பெட்டிக்குப் படம் செய்கிற ஒரு பையனைப் பிடித்தோம். ஏலத்தோட்டம் வேண்டும், காய் வேண்டும், கைநீட்டிப் பறிக்கிற மாதிரி வேண்டும் என்று போனிலேயே விளக்கினேன். சுறுசுறுப்பான பையன், வெரசாகவே செய்து அனுப்பிவிட்டான். அவன் வாழ்நாளில் ஏலக்காயைப் பாயசத்தில் மட்டுமே பார்த்தவன் என்பது எனக்கு எப்படித் தெரியும்?

பெட்டியை முதலில் ஷைனிதான் மாட்டிப் பார்த்தாள். குனிந்து தரையில் தேடினாள். பிறகு தலையைத் தூக்கி, இன்னும் தூக்கி, கூரையைப் பார்த்தாள். நல்ல பச்சை நிறத்தில் குலைகுலையாக ஏலக்காய் மரக்கிளையில் தொங்கிக்கொண்டிருந்ததாம். பெட்டியைக் கழற்றி என் கையில் கொடுத்துவிட்டுச் சொன்னாள்: "சேச்சி, இதப் பறிக்கணும்னா நீளக் கம்புல கொக்கி வச்சு தோட்டி கெட்டணும். பேச்சியம்மாளுக்குப் பார்வ வர்றதுக்கு முன்னாடி கழுத்து போயிரும்."

கையை முழங்காலில் வைத்து

ஷைனியே மலைக்குப் போய்ப் படம் பிடித்து அனுப்பி, சரம் தரைக்கு இறங்கியது. பேச்சியம்மாளை நாற்காலியில் உட்காரவைத்தோம். கூடாது என்று தரையில் இறங்கிக் குத்தவைத்துக்கொண்டார். பெட்டிக்குள் செடி வந்ததும் இரண்டு கையாலும் இல்லாத தழையை விலக்கினார். எனக்குச் சிலிர்த்துவிட்டது. விரல்கள் என்ன வேகம்! முற்றியது, பிஞ்சு எல்லாம் பிரித்து வலப்பக்கத்துச் சரங்களைக் காலி செய்தார்.

அப்புறம் நடந்ததுதான் எனக்குப் புரியவில்லை. வலப்பக்கம் முடிந்ததும் அடுத்த செடிக்குப் போகவில்லை. இரண்டு கையையும் முழங்காலில் வைத்துக்கொண்டு கொஞ்ச நேரம் சும்மா இருந்தார். பிறகு அடுத்த செடி. அங்கேயும் வலப்பக்கம் பறித்தார், கையை முழங்காலில் வைத்தார், காத்திருந்தார். ஒவ்வொரு செடிக்கும் அதே மாதிரி. கை வலிக்கிறதா, தலை சுற்றுகிறதா என்று கேட்டேன். இல்லை என்றார். "பின்ன எதுக்கு நிறுத்துறீங்க?"

முருகாயி அன்றைக்கு வரவில்லை. பேச்சியம்மாள் பெட்டியை நெற்றிக்கு ஏற்றிவிட்டு, அவள் இல்லை என்பதைத் தலையைத் திருப்பி நன்றாகப் பார்த்து உறுதி செய்துகொண்டார். "எடப்பக்கம் அவ எடுக்கணும்ல. அதுக்கு நேரம் குடுக்க வேணாமா?" என்றார். கண் பாதி போனால் காதும் போய்விடுமா? பக்கத்தில் தழை சலசலப்பதும் தன் வாளியில் காய் விழுவதும் கேட்காமலா இருக்கும்? முதல் வாரமே தெரிந்துவிட்டதாம். முழுசாகத் தெரிகிறது என்று அன்று சொன்னதுகூட முருகாயிக்குக் கேட்கட்டும் என்றுதான். இரண்டு பேரும் ஆளுக்கொரு ரகசியத்தை என் மடியில் கட்டிவிட்டு, சொல்லாதே சொல்லாதே என்கிறார்கள். நான் எங்கே போய் முட்டிக்கொள்வது? பேச்சியம்மாள் பெட்டியைத் திரும்ப இறக்கிக்கொண்டே சொன்னார்: "அவ கை இல்லாம எனக்கு ஆகாதுங்கறது எனக்கே தெரியும்னு அவளுக்குத் தெரிஞ்சா, என்னைய விட்டுட்டுத் திருப்பூருக்குப் போக மாட்டா. பேரப்புள்ளையப் பாக்கணும்ல அவ."

ஏதோ போச்சு

பார்வை திரும்புவது என்றால் விளக்குப் போட்டதுபோல் வரும் என்றுதான் எல்லோரும் நினைக்கிறார்கள். நானும் அப்படித்தான் நினைத்துக்கொண்டு வந்தேன். வருவது வேறு மாதிரி. பெரும்பாலும் முதலில் அசைவுதான் வரும். உருவம் இல்லாமல், நிறம் இல்லாமல், வெறும் அசைவு மட்டும். எது அசைந்தது என்று சொல்ல முடியாது. அசைந்தது என்று மட்டும் தெரியும். அது பார்ப்பதா, உணர்வதா என்று எனக்கு இன்னும் தெளிவில்லை. டாக்டரைக் கேட்டால் மறுபடியும் "அதத்தானே" என்றுதான் ஆரம்பிப்பார்.

காதர் பாய்க்கு அது வந்த நாள் நன்றாக ஞாபகமிருக்கிறது. பெட்டிக்குள் இடப்பக்கம் ஒரு பந்தை ஓடவிட்டிருந்தேன். பொத்தானை அமுக்கினார். மறுபடி ஓடவிட்டேன்; மறுபடி அமுக்கினார். சும்மா அமுக்குகிறாரோ என்று பந்து இல்லாமல் விட்டேன், அமுக்கவில்லை. "என்ன பாத்தீங்க பாய்? பந்தா? என்ன கலரு?" என்று நான் கேள்வியாய்க் கேட்க, மனிதர் தவித்துப்போனார். பார்த்ததை நிறுத்தும் எடைபோட்டும் பழகியவருக்கு இதை எந்தத் தட்டில் வைப்பது என்று தெரியவில்லை. கடைசியில் கையெடுத்துக் கும்பிட்டார். "ஏதோ போச்சும்மா. என்னன்னு மட்டும் கேக்காதீங்க. போச்சுங்கறது சத்தியம்."

சாவி

எல்லோருக்கும் வருவதில்லை. ராசு அண்ணனுக்கு வரவில்லை. ஒரு நாள் தவறாமல் வந்தார், தலையை அலசிக்கொண்டு வந்தார், சொன்னதை எல்லாம் செய்தார். பார்வையை அளக்கும் இயந்திரம் போட்டுத் தருகிற படத்தில் முதல் நாள் எங்கே கறுப்பாக இருந்ததோ அங்கேயே கறுப்பாக இருந்தது. ஜீப் ஓட்டக் கூடாது என்று அவரிடம் சொல்லவேண்டிய வேலை என்னுடையது. டாக்டர் சொன்னால் ஆங்கிலத்தில் சொல்வார் என்று ஷைனி என்னைத் தள்ளிவிட்டாள். சொன்னேன். ஜீப் சாவியைச் சட்டைப் பையிலிருந்து எடுத்து உள்ளங்கையில் வைத்துக்கொண்டு மாடிப்படியில் உட்கார்ந்துவிட்டார். எனக்கு அழுகையாக வந்தது. அவர் முன்னால் அழக் கூடாது என்று உள்ளே போய் உப்புத் தண்ணீர்ப் பஞ்சைப் பிழிந்துகொண்டிருந்தேன்.

பக்கத்தைத் திரும்பித் திரும்பித் தேடிப் பார்க்கும் பழக்கம் மட்டும் அவருக்கு நன்றாகப் படிந்தது. இப்போது இடிக்காமல் நடக்கிறார். சந்தைக்குத் தனியாகப் போகிறார். ஜீப்பை மருமகன் ஓட்டுகிறான். இவர் பக்கத்து சீட்டில். மேட்டு ரோட்டில் ஒவ்வொரு வளைவிலும் அந்தப் பையன் வாங்குகிற வசவு கொஞ்சநஞ்சமில்லை என்று கேள்வி. அதைப் பற்றிக் கேட்டபோது அவர் கொஞ்சமும் அசராமல் சொன்னார்: "எனக்காச்சும் பாதி ரோடு தெரியுது. அவனுக்கு ரெண்டு கண்ணும் செல்போன்லதான் இருக்கு."

எஞ்செடி

பேச்சியம்மாளை அளந்து பார்த்தபோது, கறுப்பாக இருந்த பாதியின் ஓரத்தில் மெல்லியதாக ஒரு கீற்று சாம்பலாக மாறியிருந்தது. மின்சாரத்தால் வந்ததா, பெட்டியால் வந்ததா, நாள்பட்டதால் தானாக வந்ததா? டாக்டர் படத்தை ஜன்னல் வெளிச்சத்தில் திருப்பித் திருப்பிப் பார்த்தார். மாடியில் இது முன்னேற்றம். மலையில் இது எதற்கு ஆகும்? முருகாயி துணிமணியை மூட்டை கட்டிவிட்டாள். தோட்டத்தில் அவளுக்கு இன்னும் ஒரு நாள்தான் பாக்கி. அந்த ஒரு நாளுக்கு நானும் ஷைனியும் கூடவே போவது என்று முடிவு செய்தோம்.

ராசு அண்ணன் ஜீப்பில்தான் ஏறினோம். கங்காணியிடம் ஷைனி மலையாளத்தில் பேசி, நாங்கள் நெரைக்குப் பின்னால் நிற்க அனுமதி வாங்கினாள். முருகாயி வழக்கம்போல் இடப்பக்கத்து நெரையைக் கேட்டு வாங்கிக்கொண்டாள். மழை விட்டுவிட்டுத் தூறிக்கொண்டிருந்தது. முதல் செடி. பேச்சியம்மாள் தழையை விலக்கி வலப்பக்கத்தைப் பறித்தார். இரண்டு கையையும் முழங்காலில் வைத்தார். இத்தனை பாடும் வீண்தானா, அடுத்த வாரம் இந்த அம்மாவை யார் ஜீப்பில் ஏற்றுவார்கள் என்று நினைத்துக்கொண்டேன். முருகாயியின் கை மெல்ல இந்தப் பக்கம் வந்தது.

அந்தக் கை வந்த அசைவில்தானோ என்னவோ, பேச்சியம்மாள் வெடுக்கென்று இடப்பக்கம் திரும்பினார். திரும்பியவர் குனிந்தார். இடப்பக்கத்துச் சரம் ஒன்றைத் தூக்கிப் பார்த்தார். பறித்தார். அடுத்ததைப் பறித்தார். முருகாயி கையை இழுத்துக்கொண்டு வாயைப் பிளந்தபடி உட்கார்ந்திருந்தாள். அடுத்த செடியில் முழங்காலில் கை வைக்கவே இல்லை, நேரே இடப்பக்கம். அதற்கடுத்த செடியில் வேகம் பிடித்துவிட்டது. தன் செடியில் முடித்துவிட்டு அங்கேயே நிற்காமல், தழை கலந்து கிடந்த அந்தப் பக்கத்துச் செடிக்குள்ளும் கை போய்விட்டது. முருகாயியின் செடி. அதில் முற்றிய காயாகப் பார்த்து மளமளவென்று தன் வாளியில் போட ஆரம்பித்தார். நெரை தாண்டிவிட்டார்! முருகாயிக்கு அழுவதா சிரிப்பதா என்று தெரியவில்லை. ஆனால் அத்தனை வருஷப் பழக்கம் எதற்கும் காத்திருக்கவில்லை. மலை அதிர ஒரு சத்தம் போட்டாள். "ஏ மதினி, அது எஞ்செடி! கைய எடு!"

நெரையே நிமிர்ந்து பார்த்தது. கங்காணி குடையோடு ஓடிவந்தான். ஷைனி என் கையைப் பிடித்து நசுக்கிக்கொண்டிருந்தாள். நான் அழுதுகொண்டிருந்தேன் என்பது எனக்கே அப்புறம்தான் தெரிந்தது. பேச்சியம்மாள் மட்டும் பதறவில்லை. கையில் இருந்த காயை வாளியில் போட்டார். தலையை நன்றாக இடப்பக்கம் திருப்பி, நாத்தனாரின் முகத்தைத் தேடிப் பிடித்து, நேராகப் பார்த்துச் சொன்னார்: "இம்புட்டு நாளா நீ எஞ்செடியில கைய வச்சயே, நான் ஒரு வார்த்த கேட்டேனா?"

பார்வை எவ்வளவு திரும்பியிருக்கிறது என்று அளக்க எங்கள் மாடியில் ஒரு பெரிய இயந்திரம் இருக்கிறது. ஆனால் ஒரு நாத்தனார் போடுகிற சத்தம் அளவுக்கு அது இதுவரை எதையும் தெளிவாகச் சொன்னதில்லை.